உளி போன தடம்: செதுக்கு வேலையுள்ள பழைய லீவர் ரைஃபிளைச் சோதித்து வாங்குவது எப்படி

என் அப்பா நகை ஆசாரி. வளையலை அரக்கில் பதித்து, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு அவர் கொடிக்கருக்கு வெட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே வளர்ந்தேன். இன்று கனெக்டிகட்டில் ஓர் இயந்திரப் பட்டறையில் வேலை செய்கிறேன். விடுமுறை நாள்களில் வின்செஸ்டர் நிறுவனத்தின் பழைய ரைஃபிள்களைத் தேடிப் போகிறேன். அவை பிறந்த நியூ ஹேவன் நகரம் இந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. செதுக்கு வேலையுள்ள ஒரு பழைய லீவர் ரைஃபிள் (விசைக்குக் கீழுள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றித் தோட்டா மாற்றும் வகை) உங்கள் முன்னால் மேசையில் கிடக்கிறது, விற்பவர் காத்திருக்கிறார், வாங்குவதா விடுவதா என்று நீங்கள் முடிவெடுக்க வேண்டும். அந்த அரை மணி நேரத்துக்காக இதை எழுதுகிறேன்.

வின்செஸ்டர் 1873 மாடல் மட்டும் 7 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேல் தயாரானது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை அலங்காரம் ஏதுமில்லாத வேலைக்கருவிகள். தொழிற்சாலையிலேயே செதுக்கப்பட்டு வெளியே வந்தவை மிகச் சில. அவற்றின் விலையோ சாதாரண ரைஃபிளைவிடப் பல மடங்கு. அதனால் வெறும் ரைஃபிள் ஒன்றை எடுத்து, பிற்காலத்தில் அதன்மேல் மானும் கரடியும் கொடியும் வெட்டி விற்கும் வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. துப்பாக்கி உண்மையானது, வரிசை எண் உண்மையானது, வயதும் உண்மையானது. சித்திரம் மட்டும் பிந்தியது. நீங்கள் விடை தேட வேண்டிய கேள்வி இதுதான்: இந்தத் துப்பாக்கியும் இதன் செதுக்கு வேலையும் ஒன்றாக மூப்படைந்தவையா?

நான் வாங்கிய இரண்டாவது ரைஃபிளில் இந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. 1873 மாடல், வலப்பக்கத் தகட்டில் கலைமான், இடப்பக்கம் கரடி, சுற்றிலும் நெருக்கமான கொடி. லென்ஸ் கொண்டுபோகவில்லை, மாலை நேரம், விற்பனை அரங்கில் வெளிச்சமும் குறைவு. விற்றவர் நிதானமாகப் பேசினார், நம்பினேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் தொலைபேசியில் அழைத்தார். “டேய், மானின் முகத்தில் மட்டும்தான் உளி போயிருக்கிறது. பின்னணி முழுவதும் திராவகம் தின்ற தடம். இதை வெட்டியவனுக்குப் பொறுமை இல்லை” என்றார். துப்பாக்கியைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது, உலோகத்தைத் தெரியும். அந்த ரைஃபிளைப் பிறகு உள்ளதை உள்ளபடி சொல்லி, பாதி விலைக்கும் குறைவாக விற்றேன். அன்றிலிருந்து கீழே சொல்லும் வரிசையை மாற்றியதில்லை.

கையில் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். எடுத்ததும் குழல்முனையை ஆளில்லாத பக்கம் திருப்பி, விசையில் விரல் படாமல் லீவரை முழுவதும் இறக்குங்கள். தோட்டா அறை காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு நின்றுவிடக் கூடாது. குழலுக்கு அடியில் ஓடும் தோட்டாக் குழாயில், சுருள்வில் தளர்ந்திருந்தால், பழைய தோட்டா ஒன்று நகராமல் தங்கியிருக்கலாம். தோட்டா ஏற்றும் வாயிலை விரலால் அழுத்தி உள்ளே விளக்கு அடித்துப் பாருங்கள். குதிரையை (ஊசியை அடிக்கும் சுத்தியை) வெறுமனே தட்டிப் பார்க்காதீர்கள். நூறு ஆண்டு தாண்டிய ஊசி உடைந்துவிட்டால் அது உங்கள் பொறுப்பு. கரிமருந்துக் காலத்துச் செதுக்குத் துப்பாக்கியைச் சுட்டுப் பார்ப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

எடுத்துச்செல்ல வேண்டியவை குறைவு: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சிறு டார்ச், ஒரு காந்தம், மெல்லிய ரப்பர் கையுறை. பருத்திக் கையுறை வழுக்கும். நான்கு கிலோ எடையுள்ள பொருளை வழுக்கும் கையால் தூக்கக் கூடாது.

மாடல்களை ஓரளவு தெரிந்துகொண்டு போங்கள். 1860இல் காப்புரிமை பெற்ற ஹென்றி ரைஃபிள் ஏறத்தாழ 14,000 தயாரானது. அதன் தோட்டாக் குழாயை முன்பக்கம் திறந்து நிரப்ப வேண்டும். நெல்சன் கிங் அமைத்த பக்கவாயிலோடு வந்தது 1866 மாடல். அதன் மஞ்சள் உலோகச் சட்டகத்தால் (குழலும் மரக்கட்டையும் சேரும் நடுப்பகுதி) ‘யெல்லோ பாய்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1873இல் சட்டகம் இரும்பாகி, பின்பு எஃகானது. 1886, 1892, 1894 மாடல்கள் ஜான் பிரவுனிங் வடிவமைத்தவை. மார்லின் நிறுவனமும் 1881 முதல் நல்ல லீவர் ரைஃபிள்களைச் செய்தது; அவற்றிலும் உயர்ந்த செதுக்கு வேலை உண்டு. காந்தம் எதற்கென்றால், 1866இன் சட்டகத்தில் அது ஒட்டக் கூடாது. ஹென்றியில் தொடக்கத்தில் வந்த சில நூறு மட்டும் இரும்புச் சட்டகம் கொண்டவை. மற்ற ஹென்றிகளிலோ 1866இலோ ஒட்டினால் மஞ்சள் முலாம் பூசிய இரும்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இத்தாலியில் உபெர்ட்டி போன்ற நிறுவனங்கள் இந்த மாடல்களின் நகல்களை நகல் என்று சொல்லியே செய்கின்றன. யாரோ இடையில் குழலிலுள்ள இத்தாலிய முத்திரைகளை அரத்தால் ராவி எடுத்துவிட்டு, பழசாக்கி விற்பதுண்டு. குழலின் ஏதாவதோர் இடத்தில் காரணமில்லாமல் பள்ளம் தட்டினால் ஒதுங்கிவிடுங்கள்.

இனி செதுக்கு வேலை. இங்கே அவசரப்படாதீர்கள்.

டார்ச்சை நேராக அடித்தால் எல்லாம் ஒரே மினுமினுப்பாகத் தெரியும். விளக்கைக் கிட்டத்தட்ட உலோகத்தோடு படுக்க வைத்துப் பிடியுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் நிழல் விழும். இப்போது லென்ஸை வைத்து ஒரே ஒரு கொடிச்சுருளைத் தேர்ந்தெடுத்து, தண்டிலிருந்து நுனி வரை கண்ணால் பின்தொடருங்கள். அந்தக் காலச் செதுக்குநர்கள் சிறு சுத்தியலால் உளியைத் தட்டித் தட்டி இரும்பில் கோடு இழுத்தார்கள். நிழல் காட்டும் நுண்கோடுகளை உள்ளங்கையால் தள்ளும் செதுக்குளியால் போட்டார்கள். தட்டிப் போன கோட்டின் அடித்தளத்தில் மிக நெருக்கமான சிறு படிகள் தெரியும். ஒவ்வொரு படியும் சுத்தியலின் ஓர் அடி. வளைவின் வயிற்றில் கோடு அகன்று ஆழமாகும்; நுனிக்கு வரும்போது மயிரிழையாகி மறையும். எங்கே கை உளியைச் சாய்த்தது, எங்கே தூக்கியது என்று சொல்லிவிடலாம். கொடிகளுக்கு இடையே பின்னணியில் குத்திய புள்ளிகளும் அப்படியே: ஒன்று கொஞ்சம் ஆழம், அடுத்தது மேலோட்டம், ஓர் ஓரத்தில் இரண்டு ஒட்டிக்கொண்டிருக்கும்.

திராவகம் அரித்த வேலையில் பள்ளத்தின் தரை தட்டையாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும். ஓரங்கள் கறையான் தின்ற பலகைபோல் இருக்கும். லேசர் வேலையில் எல்லா இடத்திலும் ஒரே ஆழம். தரையில் இணைகோடுகள் வரிசையாகத் தெரியும். இந்த இரண்டையும் ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்க மாட்டீர்கள். கடினமானது, இன்றைய திறமையான கைவினைஞர் பழைய பாணியில் உளியாலேயே வெட்டியது. அதைக் கோட்டை மட்டும் பார்த்துப் பிடிக்க முடியாது. உலோகத்தின் மேற்பூச்சைப் பார்க்க வேண்டும்.

தொழிற்சாலையில் செதுக்கியது முதலில்; நீலமேற்றுவதோ, வண்ணம் வரக் கடினப்படுத்துவதோ, வெள்ளி அல்லது தங்க முலாமோ அதற்குப் பிறகுதான். எனவே மேட்டில் இருக்கும் அதே பூச்சு பள்ளத்துக்குள்ளும் இருக்க வேண்டும். உண்மையில் மேட்டில் தேய்ந்து போனபின் பள்ளத்துக்குள்தான் அது பிழைத்திருக்கும். மேட்டில் நீலம் நன்றாக இருக்க, பள்ளம் வெளிறிக் கிடந்தால், பூச்சுக்குப் பிறகு உளி போயிருக்கிறது. மேடும் பள்ளமும் ஒரே புது நீலமாக மின்னினால், மறுபடி பூசியிருக்கிறார்கள். ஏன் பூசினார்கள் என்று கேளுங்கள்.

1886 மாடலில் இதைவிட நல்ல சாட்சி ஒன்று உண்டு. தயாரிப்பின் முதல் ஆண்டுகளில் அதன் சட்டகத்தை எலும்புக்கரியோடு சேர்த்துச் சூடேற்றி நீரில் முக்கி, மேல்தோலைக் கடினப்படுத்தினார்கள். நீலமும் பழுப்பும் சாம்பலுமாக மேகத்திட்டுகள் போன்ற வண்ணங்கள் அதில்தான் வருகின்றன. அந்தத் தோலில் உளி வழுக்கும், முனை உடையும். பிற்காலத்தில் அதில் செதுக்க விரும்புகிறவர் முதலில் சட்டகத்தைச் சுட்டு ஆற வைத்து இளக்க வேண்டும். அந்தச் சூட்டில் பழைய வண்ணங்கள் அழிந்துவிடும். ஆகவே செதுக்கு வேலையின் மேல் பழைய, மங்கிய, இயல்பாகத் தேய்ந்த மேகத்திட்டுகள் படர்ந்திருந்தால் மனம் நிறைந்து மூச்சு விடலாம். வண்ணங்கள் பளிச்சென்று புதிதாக இருக்க, கட்டையும் குழலும் கிழடாக இருந்தால் அந்தச் சட்டகம் நெருப்புக்குள் போய் வந்திருக்கிறது.

அடுத்து இணைப்புகள். ஹென்றி, 1866, 1873 மாடல்களில் சட்டகத்தின் இரு பக்கத் தகடுகளும் கழற்றி மாட்டக்கூடியவை. கொடி தகட்டிலிருந்து சட்டகத்துக்குத் தாண்டும் இடத்தைப் பாருங்கள். ஒரே கோடு பிசகாமல் கடக்க வேண்டும். தகடு மாறியிருந்தால் கோடு ஒரு மயிரளவு தவறும். திருகாணிகள் இன்னும் நன்றாகப் பேசும். உயர்ந்த வேலையில் திருகாணியின் தலைமேலும் கொடி ஓடும். திருகாணி சரியாக இறுகி நின்றால் மட்டுமே தலையிலுள்ள இலை சட்டகத்திலுள்ள தண்டோடு பொருந்தும். ஒருமுறை 1866 மாடல் ஒன்றில் அத்தகைய திருகாணியை லென்ஸ் வழியாகக் கால்மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பயறளவு தலை. அதன் நடுப்பிளவைக் கடந்தும் இலையின் நரம்பு அறுபடாமல் மறுபக்கம் தொடர்ந்தது. பிளவின் ஓரத்தில் ஒரு கீறல் இல்லை. நூற்றைம்பது ஆண்டுகளில் அதைக் கழற்றியவர்கள் அனைவரும் பொருத்தமான திருப்புளியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பிளவுகள் கிழிந்து, தலையின் இலை தண்டைத் தாண்டி நின்றால், யாரோ பலமுறை உள்ளே கைவைத்திருக்கிறார்கள்.

பிறகு தேய்மானத்தை ஒப்பிடுங்கள். லீவர் ரைஃபிளை ஒரு கையால் தூக்குகிறவர் சட்டகத்தின் அடிப்பாகத்தைத்தான் பிடிப்பார். அங்கே பூச்சு முதலில் போகும். குதிரைச் சேணத்தில் கிடந்ததில் முன்கட்டை ஒரு பக்கம் வழவழப்பாகியிருக்கும். அடிப்பாகம் வெண்மையாகத் தேய்ந்திருக்க, அதே இடத்தில் செதுக்கிய கோடுகளின் ஓரம் நகம் கீறும் அளவுக்குக் கூர்மையாக இருந்தால் கணக்கு உதைக்கிறது. குறிப்பாக 1866இன் மஞ்சள் உலோகம் மென்மையானது. கைபட்ட இடத்தில் புள்ளிப் பின்னணி மழுங்கியே தீரும். பள்ளத்திலுள்ள அழுக்கையும் கவனியுங்கள். பழைய எண்ணெயும் தூசும் சேர்ந்த அழுக்கு இறுகிக் கல்லாகியிருக்கும். கோடுகளை எடுப்பாகக் காட்ட அண்மையில் தேய்த்த கரிய மெழுகு, அனுமதி கேட்டு உலர்ந்த பஞ்சால் தொட்டால் ஒட்டிக்கொண்டு வரும்.

குழலிலுள்ள எழுத்துகளும் இதே கதையைச் சொல்ல வேண்டும். எண்கோணக் குழலின் விளிம்புகள் கத்திபோல் நேராகவும், நிறுவனப் பெயரின் எழுத்துகள் ஆழமாகவும் இருக்க வேண்டும். எழுத்து மங்கி, திருகாணித் துளைகளின் வாய் கிண்ணம்போல் சரிந்திருந்தால், அது தேய்த்து மெருகேற்றப்பட்ட துப்பாக்கி. இன்னொன்று: முட்டை வடிவ வளையத்துக்குள் டபிள்யூ, பி எழுத்துகள் கொண்ட சோதனை முத்திரையை வின்செஸ்டர் 1905 ஜூலையில்தான் குத்தத் தொடங்கியது. 1880களைச் சேர்ந்த ரைஃபிளில் அது இருந்தால், குழல் மாற்றப்பட்டிருக்கும் அல்லது துப்பாக்கி தொழிற்சாலைக்குத் திரும்பிப் போய் வந்திருக்கும். அது குற்றமில்லை, ஆனால் விலையில் தெரிய வேண்டும்.

கையொப்பம் இருந்தால் கடைசியாகப் பாருங்கள், முதலில் பார்த்தால் மனம் மயங்கிவிடும். வின்செஸ்டரின் பெரும் வேலைகள் உல்ரிச் சகோதரர்களுடையவை: ஹெர்மன், ஜான், கான்ராட். கான்ராட் மார்லினுக்கும் செதுக்கினார். ஜான் உல்ரிச்சின் பெயர் விசைக்குப் பின்னால் கீழ்வாலில் (சட்டகத்திலிருந்து கட்டையின் அடியில் நீளும் உலோகப் பட்டையில்) கடுகளவு எழுத்துகளில் இருக்கும். பெயரை வெட்டுவதுதான் போலிக்கு எளிது. மானின் கண்ணை வெட்டுவது கடினம். உல்ரிச் வெட்டிய விலங்குக்குத் தோள் தசையும் நெஞ்சின் உருட்சியும் இருக்கும். மயிர் உடல் போகும் திசையில் படிந்திருக்கும். பெயர் சரியாக இருந்து மான் அட்டையில் கத்தரித்ததுபோல் நின்றால், மானை நம்புங்கள்.

கண்ணால் செய்ய வேண்டியது இவ்வளவு. அடுத்தது ஆவணம். வின்செஸ்டரின் பழைய தொழிற்சாலைப் பேரேடுகள் வயோமிங் மாநிலத்தின் கோடி (Cody) நகரில், பஃபலோ பில் சென்டர் ஆஃப் தி வெஸ்ட் வளாகத்திலுள்ள கோடி துப்பாக்கி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மாடலையும் வரிசை எண்ணையும் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், அந்த எண்ணுக்கு எதிரே பேரேட்டில் எழுதியதைக் கடிதமாகத் தருவார்கள்: குழலின் வடிவம், விசையின் வகை, கட்டையின் தரம், கிடங்குக்கு வந்த நாள், அனுப்பிய நாள். செதுக்கியது என்றால் அதுவும் குறிக்கப்பட்டிருக்கும். பல வேளைகளில் அந்த ஒரு சொல் மட்டும்தான், என்ன சித்திரம் என்று இருக்காது. 1873இன் பேரேடுகள் பெரும்பாலும் பிழைத்திருக்கின்றன. ஹென்றிக்கு அப்படி இல்லை. 1866க்கும் பிற்பகுதி எண்களுக்கே கிடைக்கிறது. அந்த இரண்டு மாடல்களில் உங்கள் கண்தான் முதல் ஆவணம்.

கடிதத்தை வாசிக்கவும் ஒரு முறை இருக்கிறது. செதுக்கியது என்ற சொல்லைத் தேடிப் பிடித்ததும் மகிழ்ந்துவிடாதீர்கள். மற்ற வரிகளை ஒவ்வொன்றாகத் துப்பாக்கியோடு ஒப்பிடுங்கள். எண்கோணக் குழல் என்று கடிதம் சொல்ல, கையில் உருண்டைக் குழல் இருந்தால், எண்ணே திருத்தப்பட்டதாக இருக்கலாம். கீழ்வாலிலுள்ள இலக்கங்கள் ஒரே ஆழத்தில், ஒரே அச்சில் இருக்கின்றனவா, அந்த இடம் மட்டும் மெலிந்திருக்கிறதா என்று பாருங்கள். உயர்தர வின்செஸ்டர்களில் இன்னொரு சோதனையும் உண்டு: பொருத்தும்போது குத்திய ஒரே எண் கீழ்வாலின் பக்கவாட்டிலும், கட்டையின் உள்ளே வால் பதியும் பள்ளத்திலும், பின்தகட்டின் உட்புறத்திலும் இருக்கும். கழற்றிக் காட்ட விற்பவர் சம்மதித்தால் மட்டும், அவர் கையாலேயே கழற்றச் சொல்லுங்கள்.

பேரேடு சும்மா இருந்தால் உடனே போலி என்று சொல்லிவிடவும் கூடாது. நியூயார்க்கில் எல். டி. நிம்ஷ்கே போன்ற தனிப்பட்டறைச் செதுக்குநர்கள், தொழிற்சாலையிலிருந்து வெறுமையாக வந்த துப்பாக்கிகளை வணிகர்களுக்காக அந்தக் காலத்திலேயே செதுக்கிக் கொடுத்தார்கள். தான் வெட்டியவற்றின் மைப்பதிவுகளை நிம்ஷ்கே ஏட்டில் ஒட்டி வைத்தார். அந்த ஏடு பிழைத்திருக்கிறது. ஆனால் பேரேட்டில் செதுக்கு வேலை இல்லாத துப்பாக்கியைச் செதுக்கியதன் விலைக்கு வாங்கும் முன், அந்தப் பாணியை நன்கு அறிந்த ஒருவரின் எழுத்துப்பூர்வமான கருத்து உங்கள் கையில் இருக்க வேண்டும்.

‘ஆயிரத்தில் ஒன்று’ என்று குழலில் பொறித்த 1873 ரைஃபிளை யாராவது காட்டினால் மேலே சொன்ன அனைத்தையும் இரண்டு முறை செய்யுங்கள். சோதனைச் சுடுதலில் மிகத் துல்லியமாக அமைந்த குழல்களைத் தேர்ந்தெடுத்து, சிறப்பாக முடித்து, 100 டாலருக்கு விற்பதாக 1875 விலைப்பட்டியலில் வின்செஸ்டர் அறிவித்தது. 1873 மாடலில் ஏறத்தாழ 130 மட்டுமே அப்படி வந்தன. பேரேட்டுச் சான்று இல்லாத ஒன்றை நான் தொடவே மாட்டேன்.

ஆவணத்தின் எடை என்னவென்று பார்க்க வேண்டுமானால், 1886 மாடலின் 1ஆம் எண் ரைஃபிள் போதும். அப்பாச்சிப் பழங்குடித் தலைவர் ஜெரோனிமோவைத் துரத்திச் சென்ற கேப்டன் ஹென்றி லாட்டனுக்கு நண்பர் ஆல்பி பரிசளித்தது. அதில் கொடியுமில்லை, மானுமில்லை. இன்னார் இன்னாருக்குத் தந்தது என்ற சில சொற்கள் மட்டுமே. குடும்பத்தின் வழியாகவே வந்த அந்த ரைஃபிள் 2016இல் 12 லட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போனது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டப்படி, 1898இலோ அதற்கு முன்போ தயாரான துப்பாக்கி தொன்மையானது. உரிமம் பெற்ற வணிகர் வழியாகத்தான் கைமாற வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. 1873, 1886, 1892, 1894 மாடல்கள் எல்லாமே அந்த ஆண்டைத் தாண்டியும் தயாரானவை என்பதால், மாடலின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். எண்ணை வைத்து ஆண்டை உறுதிசெய்யுங்கள். மாநிலச் சட்டங்கள் வேறுபடும், தனியே பாருங்கள்.

வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு உங்களால் அதற்குப் பெரிய தீங்கு செய்ய முடியும், அதுவும் அன்பினால். பித்தளை பாலிஷ், இரும்புக் கம்பளி, கட்டைக்கு வார்னிஷ் — மூன்றும் வேண்டாம். 1866இன் மஞ்சள் சட்டகத்தில் தேன் நிறம் படிய நூறாண்டுக்கு மேல் ஆனது. ஒரு மாலையில் தேய்த்து எடுத்துவிடலாம், திரும்பப் பெற முடியாது. அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவங்கள் அந்த உலோகத்தை அரிக்கும். இரும்புக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு அல்லது அருங்காட்சியகங்களில் பயன்படும் நுண்படிக மெழுகு, மென்துணியில், அழுத்தாமல். கட்டையில் எண்ணெய் இறங்க விடாதீர்கள். தோலுறையிலும் பஞ்சுப்பெட்டியிலும் நெடுநாள் வைக்காதீர்கள். ஈரத்தைப் பிடித்துவைத்து, செதுக்கிய பள்ளத்துக்குள்தான் துரு முதலில் பூக்கும். என் அலமாரியில் ஈரப்பதமானி 45க்கும் 50க்கும் இடையே நிற்கிறது. மாதம் ஒருமுறை கையுறையோடு எடுத்து, விளக்கைப் படுக்க வைத்து, பள்ளங்களைப் பார்க்கிறேன்.

கடிதம், விற்பனைச் சீட்டு, வாங்கிய அன்றே எடுத்த நெருக்கப் படங்கள் ஆகியவற்றை இரண்டு படிகள் எடுத்து, ஒன்றைத் துப்பாக்கியோடும் மற்றொன்றை வேறிடத்திலும் வையுங்கள். படங்களில் எல்லாத் திருகாணித் தலைகளும் இருக்கட்டும். அடுத்து வாங்குகிறவர் லென்ஸோடு வந்தால் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.